ஆயுத பூஜைக்குப் போட்ட அப்டேட்

சும்மா இருந்திருக்கலாம். ஆயுத பூஜையன்று காலையிலிருந்து இசக்கிராஜா பார்த்த வேலை ஒன்றும் குறைச்சல் இல்லை. கடையில் ஆறு சிஸ்டத்தையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தான். வாசலில் பூசணிக்காய் உடைத்தான். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பொரிகடலை கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். வந்தவன் கை காலைக் கழுவி, சோற்றைத் தின்றுவிட்டு, ஒரு மணி நேரம் கட்டையைக் கிடத்தியிருக்கலாம். கிடத்தவில்லை. தங்கச்சியின் சிஸ்டத்தில் போய்க் கை வைத்தான்.

சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் ஆட்கள் இசக்கிராஜாவைத்தான் தேடி வருவார்கள். கெட்டிக்காரன், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவன் கடையிலும் வீட்டிலும் ஓடுவதெல்லாம் லினக்ஸ். காசு கொடுத்து வாங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். உலகம் பூராவும் ஆட்கள் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். திருத்தத் திருத்தப் புதுப் பதிப்பு வந்துகொண்டே இருக்கும், வந்ததைப் போடாவிட்டால் இவனுக்கு இருப்புக் கொள்ளாது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருப்பதை ஓட விடுவது என்பது அவன் ஜாதகத்திலேயே இல்லை.

ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மற்றவர்கள் வண்டியைக் கழுவுவார்கள், தறியைத் துடைப்பார்கள். இவன் வெளியே பிரஷ் போட்டுத் தூசி தட்டியது போதாதென்று உள்ளேயும் சுத்தம் செய்வான். இருக்கும் சாஃப்ட்வேர் அத்தனைக்கும் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டு, பழைய பதிப்புகளை ஒன்று விடாமல் அழித்துவிடுவான். பழசு டிஸ்கில் கிடந்தால் வீட்டு மூலையில் ஒட்டடை தொங்குவதுபோல அவனுக்கு இருக்கும். வருஷா வருஷம் இப்படித்தான் செய்துவந்தான், இதுவரைக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

தங்கச்சி ஜெயசித்ராவுக்கு ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது காதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. இப்போது இருபத்தேழு வயது, இரண்டு காதிலும் மிஷின். ப்ளூடூத் உள்ள மிஷின் அது. கம்ப்யூட்டரில் யாராவது பேசினால் அந்தப் பேச்சு கம்பி இல்லாமல் நேராக அவள் காதுக்குள் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு சத்தமும் கேட்காது. அவளுக்கு என்ன கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்பது அவள் சொன்னால்தான் உண்டு.

எம்.எஸ்சி. கணக்கு படித்தவள், முதல் வகுப்பு. நாலு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டுப் போனாள். நாலிலும் மரியாதையாக உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பிள்ளைகள் கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி கேட்டால் உனக்கு எப்படிக் கேட்கும் என்று விசாரித்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் நேரில் யாரிடமும் போய் நிற்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எழுதிக் கொடுக்கிற ஒரு கம்பெனியை இன்டர்நெட்டில் கண்டுபிடித்தாள். வீட்டிலிருந்தே வேலை. இரண்டு எழுத்துத் தேர்வு வைத்தார்கள், இரண்டிலும் தேறினாள். காதில் மிஷின் மாட்டியிருப்பதை முதலிலேயே சொன்னாள், அதனால் என்ன என்று கேட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். மிச்சம் இருந்தது வீடியோவில் ஒரு இன்டர்வியூ. விஜயதசமியன்று காலை பதினொரு மணிக்கு என்று நாள் குறித்துவிட்டார்கள். விஜயதசமியாவது ஒன்றாவது, அவர்களுக்கு அது வெறும் வியாழக்கிழமை.

அண்ணனுடைய ஆயுத பூஜைச் சுத்தம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா? பூஜையன்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"எண்ணே, இத மட்டும் ரெண்டு நாளைக்குத் தொடாத. இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

சரி என்றான். பெரிய மனுஷன் மாதிரி தலையை வேறு ஆட்டினான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா முப்பிடாதியம்மாளும் ஜெயசித்ராவும் கோமதியம்மனைக் கும்பிடக் கோயிலுக்குப் போனார்கள். இவன் செல்லை நோண்டிக்கொண்டிருந்தான். ப்ளூடூத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. காது மிஷின்களோடு முன்னைவிட நன்றாக ஒத்துப்போகுமாம், இரண்டு காதுக்கும் சத்தம் ஒரே சீராகப் போகுமாம். நாளைக்கு இன்டர்வியூ, அவளுக்கு இன்னும் தெளிவாகக் கேட்கட்டுமே என்று நினைத்தான். அவளுக்காகத்தான் செய்தேன் என்று பிற்பாடு பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தான். பாதி நிஜம். மறு பாதி கை அரிப்பு. பத்து நிமிஷ வேலை, போட்டான். வழக்கம்போலப் பழைய பதிப்பை அழித்தான்.

கடையில் என்றால் புதுசாக எது வந்தாலும் தன் சிஸ்டத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் சிஸ்டத்தில் போடுவான். இங்கே ஒரு வாரம் வேண்டாம், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். அதற்கு மிஷின் வேண்டும், மிஷின் அவள் காதோடு கோயிலுக்குப் போயிருந்தது. அம்மா வந்த சூட்டோடு சிஸ்டத்தை அணைக்கச் சொல்லி, திரைக்கும் கீபோர்டுக்கும் பொட்டு வைத்து, மல்லிகைச் சரத்தைச் சாத்தி, விளக்கேற்றிச் சூடம் காட்டினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அந்த விஷயத்தில் முப்பிடாதியம்மாளிடம் யாரும் பேச முடியாது. அரிவாள்மனையைக்கூடத் தொட விடமாட்டாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் தோசையும் பொடியும்தான், காய் நறுக்கக் கிடையாது.

"யம்மா, அஞ்சு நிமிஷம் போட்டுப் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எதுக்கு என்பாள். எதுக்கு என்று சொன்னால், தொடாதே என்று சொன்னதைத் தொட்டது வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு தோசையைத் தின்றான்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து மறுபூஜை முடியும்போது மணி பத்தே முக்கால். ஜெயசித்ரா சந்தனக் கலர் சுடிதாரில் தயாராக உட்கார்ந்திருந்தாள். சிஸ்டத்தைப் போட்டார்கள். இரண்டு மிஷினும் இணைந்துவிட்டதாகத் திரையில் காட்டியது. டிங் என்று ஒரு சத்தத்தை ஓடவிட்டுக் கேட்கிறதா என்றான், கேட்கிறது என்றாள். அவனுக்கு உயிர் வந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இவன் வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான், மனசுக்குள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான் என்றுகூடச் சொல்லலாம். ஒரு டிங்குக்கு ஒழுங்காக இருந்த சத்தம் ஒரு முழு வாக்கியத்துக்குத் தாங்கும் என்று அவனாக நினைத்துக்கொண்டதுதான்.

கதவுக்கு இந்தப் பக்கம் ஜெயசித்ராவின் குரல் மட்டும் கேட்டது. நல்ல இங்கிலீஷில் தன்னைப் பற்றிச் சொன்னாள். அப்புறம், மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டாள். மூன்றாவது தடவை அவள் குரல் இறங்கியிருந்தது. ஐந்தாவது தடவை கேட்கும்போது இவன் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்துவிட்டான். உள்ளே போய்ச் செல்லைக் கொடுத்து, இதில் பேசு என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் சரியாகியிருக்கும். நடுவில் போனால் அவளுக்குத் தொந்தரவு என்று ஒரு நொண்டிச் சாக்கைப் பிடித்துக்கொண்டு, பிடித்த கையை எடுத்துவிட்டான். கோழை.

முக்கால் மணி நேரம் என்று சொல்லியிருந்த இன்டர்வியூ இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சிஸ்டத்துல எதுவும் கோளாறாண்ணே? சத்தம் விட்டு விட்டு வந்துச்சு. பாதி வார்த்த வெளங்கல."

"சிஸ்டத்துல ஒண்ணும் இல்லட்டி. நல்லாத்தான் ஓடுது."

பார்க்காமலே சொன்னான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, சூடு பட்ட கை தானாக இழுத்துக்கொள்கிற மாதிரி வாயில் வந்தது. அவள் சரி என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அவள் போனபிறகு உட்கார்ந்து பார்த்தான். நடந்ததையெல்லாம் சிஸ்டம் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொள்ளும், மனுஷன் மாதிரி மறைக்காது. பதினொன்று இரண்டிலிருந்து பதினொன்று இருபத்தேழு வரைக்கும் இரண்டு வினாடிக்கு ஒரு தடவை, சத்தம் விட்டுப்போனது, விட்டுப்போனது என்று வரிசையாக எழுதியிருந்தது. திரையை இறக்க இறக்க அந்த வரிகள் முடியவே இல்லை. இன்டர்வியூ எடுத்த மூன்று பேர் பேசிய பேச்சைப் புதுப் பதிப்பு நறுக்கி நறுக்கி அவள் காதுக்குள் போட்டிருக்கிறது. வேறு யாருக்கும் கேட்காத சத்தம். சரியில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் சாட்சி, அந்தச் சாட்சியையும் இவன் ஒரே வார்த்தையில் மடக்கிவிட்டான்.

அப்போதாவது அவளைக் கூப்பிட்டு அந்தத் திரையைக் காட்டியிருக்கலாம். காட்டாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். புதுப் பதிப்பு வருமுன்பே கடையைப் பூட்டியிருந்ததால் அங்கே ஒரு சிஸ்டத்தில் பழைய பதிப்பு இன்னும் இருந்தது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, புதுசை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டு, சத்தத்தைச் சரி பண்ணினான். சிஸ்டம் எழுதி வைத்திருந்த குறிப்பையும் அழித்தான். சரி பண்ணியது பரிகாரம் என்று அவன் நினைத்தான். உண்மையில் இருந்த ஒரே தடயத்தையும் துடைத்துப் போட்டான்.

சாயங்காலம் அவளே வந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒரு இங்கிலீஷ் பேச்சை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டாள். இவன் பின்னால் நின்றான்.

"நல்லாத்தான் கேக்கு" என்றாள். "அப்போ எங் காதுதான்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் இவனுக்குத் தண்டனைதான். காது இன்னும் மோசமாகிவிட்டது என்று நம்பிய ஜெயசித்ரா, செல்லில் இருக்கும் மிஷினுக்கான ஆப்பைத் திறந்து சத்தத்தைக் கடைசிவரைக்கும் ஏற்றிவைத்துக்கொண்டாள். தேவையில்லாத சத்தம் அது. அம்மா அடுப்படியில் ஒரு கரண்டியைக் கீழே போட்டால் அவள் கூடத்தில் தோளைக் குறுக்கிக்கொள்வாள். குக்கர் விசில் அடித்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்துவாள். தலைவலி என்று ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். கழற்றி வையேன் என்று அம்மா சொன்னதற்கு, பழகிக்கிடணும்மா என்றாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் சுருங்குவதை இவன் பார்த்தான். பார்க்காமல் இருக்கக் கடைக்குப் போனான், கடையிலும் அதுதான் கண்ணுக்குள் நின்றது. பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு வாய் தின்றுவிட்டு, நீ எதுக்குண்ணே வெசனப்படுத என்று இவனையே தேற்றினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் செல்லில் வெகுநேரம் எதையோ எழுதி, அழித்து, எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்றான். கம்பெனிக்கு என்றாள். என்ன என்று அடுத்த கேள்வியை அவன் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

திங்கட்கிழமை திருநெல்வேலியில் காது டாக்டரிடம் போவதாக ஏற்பாடு. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடலாம், வேண்டுமானால் இதைவிடச் சத்தமான மிஷினை மாட்டிவிடலாம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். இசக்கிராஜா கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனான். காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டில் எப்படி இருக்கும்? பூக்கூடைகளை பஸ் மேலே ஏற்றுகிறார்கள், திருவேங்கடம் பஸ் ஹாரனை விடாமல் அடிக்கிறது, தென்காசி தென்காசி என்று ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறார். சிமெண்டு பெஞ்சில் ஜெயசித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். குறைத்தால் ஒன்றும் கேட்காதே என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, வலியில்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை.

"சித்ரா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "சிஸ்டத்துல கோளாறு இருந்துச்சுட்டி."

அந்நேரம் பார்த்து பஸ் ஒன்று இரைந்துகொண்டு பின்னுக்கு வந்தது. அவள் அவன் பக்கம் குனிந்தாள்.

"என்னண்ணே? கேக்கல. சத்தமாச் சொல்லு."

ரகசியம் மாதிரி சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் அவன் இருந்தான். அது நடக்கவில்லை. நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டியதாயிற்று.

"ஆயுத பூசையன்னைக்கு நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப ஒஞ் சிஸ்டத்துல புது ப்ளூடூத்தப் போட்டுட்டேன். அதான் ஒனக்குச் சத்தம் ஒடஞ்சு ஒடஞ்சு வந்துச்சு. ஒங் காதுல ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற பூக்காரம்மாள் திரும்பிப் பார்த்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார். அவனுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஜெயசித்ரா கத்தவில்லை, அழவில்லை. செல்லை எடுத்து எதையோ தேடித் திறந்து அவன் கையில் கொடுத்தாள்.

"வாசி."

மூன்று கடிதங்கள் இருந்தன. முதலாவது வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து வந்தது. எழுத்துத் தேர்வில் உங்களுடையதுதான் முதல் மதிப்பெண், நேற்றைய பேச்சில் உங்களுக்குச் சத்தம் சரியாக வரவில்லையோ என்று எங்களுக்குச் சந்தேகம், உங்கள் பக்கம் சிஸ்டத்தில் கோளாறு இருந்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள், சனிக்கிழமை மறுபடியும் பேசலாம் என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டாவது, அதற்கு அவள் எழுதிய பதில். கேட்டதற்கு நன்றி சொல்லியிருந்தாள். என் அண்ணன் கம்ப்யூட்டர் வேலை நன்றாகத் தெரிந்தவர், அவரே பார்த்துவிட்டார், சிஸ்டத்தில் கோளாறு எதுவும் இல்லை. என் காதுதான் முன்னைவிட மோசமாகியிருக்கிறது. இல்லாத கோளாறைச் சொல்லி இன்னொரு வாய்ப்பு வாங்க எனக்கு மனசில்லை, மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. உங்கள் நேர்மையை மதிக்கிறோம், அந்த வேலைக்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது.

இசக்கிராஜா இரண்டாவது கடிதத்துக்கே திரும்பிப் போனான். 'அவரே பார்த்துவிட்டார்' என்ற இடத்தைத் தாண்டி அவன் கண் நகரவில்லை. இவன் தலையாட்டிய தலையாட்டலை அவள் நம்பினாள், வாயில் வந்த பொய்யையும் நம்பினாள், அந்தப் பொய்யைத்தான் தன் சொந்த உண்மையாக ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவள் பக்கத்தில் நின்று யாருக்கு என்று கேட்டவன், என்ன என்றும் கேட்டிருந்தால் இந்த வேலை அவளுக்குக் கிடைத்திருக்கும்.

"மன்னிச்சுருட்டி" என்றான். கத்தியே பழகிவிட்டதால் அதையும் கத்தினான். அவள் காதைப் பொத்தினாள்.

பிறகு அவன் கையிலிருந்து செல்லை வாங்கினாள். மிஷினுக்கான ஆப்பைத் திறந்து, ஏற்றி வைத்திருந்த சத்தத்தை ஒவ்வொரு புள்ளியாக இறக்கினாள். ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கேட்டாள். பூக்காரம்மாள் கண்டக்டரிடம் பேசுவதைக் கேட்டாள், இறக்கினாள், மறுபடியும் கேட்டாள். பழைய அளவுக்கு வந்ததும் கையை எடுத்தாள். ஐந்து நாளாகத் தூக்கி வைத்திருந்த தோள் தணிந்தது. திருநெல்வேலி பஸ் வந்து அவர்களுக்கு முன்னால் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"கத்தாத" என்றாள். "மெதுவாவே சொல்லு, எனக்குக் கேக்கும். மொதல்லருந்து சொல்லு."

பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தொடாதே என்று அவள் சொன்னதிலிருந்து ஆரம்பித்தான். குரல் எழும்பவே இல்லை, அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.